6.25-க்கு ஏறுற பிள்ளை 5.05-க்கு இறங்குது: ஸ்கூல் பஸ் நேரத்தை யார்தான் முடிவு பண்றாங்க?

தாழம்பூர்_அம்மா · 11 ஜூன் 2025, இரவு 10.42

ஸ்கூல் திறந்து பத்து நாள்கூட முழுசா ஆகலை, அதுக்குள்ள புலம்ப வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க.

எங்க வீடு சென்னைக்குத் தெற்கே தாழம்பூர். ஸ்கூல் மேடவாக்கம் பக்கம். தூரம் 14 கிமீ வரும். பொண்ணு ரெண்டாங் கிளாஸ். போன வருஷம் பஸ் 6.50-க்கு வரும், அதையே கஷ்டப்பட்டு சமாளிச்சோம். இந்த வருஷம் 6.25. ஃபர்ஸ்ட் ட்ரிப்ல ஃபர்ஸ்ட் ஸ்டாப் நாங்கதான். 7.20-க்கு ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டு பஸ் செகண்ட் ட்ரிப்புக்குப் போயிடும். கிளாஸ் 8.20-க்கு. நடுவுல ஒரு மணி நேரம் பிரேயர் ஹால்ல உட்காரணும், பேசக் கூடாது. டிபன் அங்கதான். வீட்டுல பால் குடிச்சா சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டுறதுக்குள்ள வாந்தி, அதனால வெறும் வயிறுதான்.

சாயங்காலம் அதைவிட மோசம். 3.10-க்கு மணி அடிக்குது. பஸ் முதல்ல பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பி வந்து 4.10-க்குத்தான் எங்க பிள்ளைங்களை ஏத்துது. வீட்டு வாசல்ல இறங்கும்போது 5.05. ஸ்கூல் டாய்லெட் பிடிக்காதுன்னு அடக்கிக்கிட்டு வருவா, ஷூவைக்கூடக் கழட்டாம ஓடுவா.

இன்னைக்குக் கணக்குப் போட்டேன். 10 மணி 40 நிமிஷம். நான் சிறுசேரியில ஆபீஸ் போறேன், எனக்கே ஒன்பது மணி நேரம்தான். அவளுக்கு வயசு ஏழு.

ஆபீஸ் ரூம்ல கேட்டா "ட்ராஃபிக் மேடம்"ங்கிறாங்க. பஸ் ஃபீஸ் வருஷம் 28,000. காலையிலயும் நாங்க முதல், சாயங்காலமும் நாங்க கடைசி. இது எந்த ஊர் நியாயம்? வேற ஸ்கூல்லயும் இப்படித்தானா?

—

ஆத்தங்கரை · 11 ஜூன், இரவு 11.05

நாங்கள் எல்லாம் நாலு மைல் நடந்து போய்த்தான் படித்தோம். கெட்டா போய்விட்டோம்?

—

சுண்டல் · 11 ஜூன், இரவு 11.09

ஐயா, நீங்க நடந்த நாலு மைல்ல மெட்ரோ தூண் நட்டிருக்க மாட்டாங்க.

—

கோயமுத்தூர்க்காரன் · 12 ஜூன், காலை 6.10

உங்களுக்காவது பஸ் வருதுங்க. எங்க ஏரியா சரவணம்பட்டிக்குப் பின்னாடி. மே கடைசியில ஒரு மெசேஜ் வந்துச்சு: "டிரைவர் கிடைக்காத காரணத்தால் உங்கள் வழித்தடம் இந்த ஆண்டு இயங்காது." அவ்வளவுதானுங்க. ஃபர்ஸ்ட் டெர்ம் ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம்.

இப்ப நான்தான் கொண்டுபோய் விடுறேன். ஸ்கூட்டர்ல பெரியவன் பின்னாடி, சின்னது முன்னாடி நிக்குது, ரெண்டு பைய ரெண்டு பக்கமும் மாட்டிக்கிறது. சத்தி ரோட்டுல அப்படியே போகோணும். வேன் கேட்டேன், பிள்ளைக்கு மாசம் 3,500ங்கிறாங்க. எட்டிப் பார்த்தா 12 சீட்டு வண்டியில 19 பிள்ளைங்க. வேண்டாஞ் சாமின்னு வந்துட்டேன்.

இதை டைப் பண்றப்பவே லேட்டு ஆயிருச்சு. சாயங்காலம் வர்றேனுங்க.

—

பெரும்பாக்கம்_அப்பா · 12 ஜூன், காலை 9.30

நான் இங்க எழுதலாமான்னு தெரியலை. நீங்க சொல்ற "முதல்ல கொண்டுபோய் விடுற" செகண்ட் ட்ரிப் பிள்ளைங்கள்ல என் பையனும் ஒருத்தன்னு நினைக்கிறேன். ரூட் 7 தானே?

எங்களுக்கு மட்டும் சொர்க்கமா? காலையில 7.35-ன்னு போட்டிருப்பாங்க, 7.50-க்கு வரும், சில நாள் 8.05. ஆப்ல பார்த்தா பஸ் தாழம்பூர் ஏரிக்கு நடுவுல மிதக்குது. பஸ்ஸே கரையேறி வந்தாத்தான் உண்டு. இந்த மாசத்துலயே ரெண்டு நாள் லேட் மார்க், பஸ் லேட்டுக்குப் பிள்ளை டைரியில சிவப்பு மை.

உங்க கஷ்டம் புரியுது. ஆனா எங்களை எதிரியாக்காதீங்க.

—

தாழம்பூர்_அம்மா · 12 ஜூன், காலை 9.52

ரூட் 7-தான். எதிரியாக்கலைங்க. ஆனா நீங்க 7.35-க்கு ஏறி 3.40-க்கு வீட்டுல. எட்டு மணி நேரம். எங்களுக்குப் பத்தே முக்கால். காலையில முதல்ல ஏறுறவங்க சாயங்காலம் முதல்ல இறங்கணும்னு கேட்கிறது தப்பா?

—

செய்யாறு_செல்வி · 12 ஜூன், மதியம் 1.15

படிச்சுக்கிட்டே வந்தேன், ஒண்ணு சொல்லலாம்னு தோணுச்சு. எங்க ஊர் செய்யாறு பக்கம் கிராமம். சின்னவ ஊர்லயே இருக்கிற அரசுப் பள்ளியில நாலாவது. எட்டரைக்கு நடந்து போவா, ரெண்டு தெருதான். காலை டிபனும் அங்கேயே குடுக்கிறாங்க, ரவா உப்புமான்னா அன்னைக்கு வீட்டுல ஒண்ணும் சாப்பிட மாட்டா. அவ விஷயத்துல எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கவலையெல்லாம் பெரியவனாலதான். அவன் எட்டாவது, பள்ளிக்கூடம் 9 கிமீ தள்ளி. பஸ் பாஸ் இருக்கு, காசு கிடையாது. ஆனா பஸ் நிக்கணுமே! யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்தா டவுன் பஸ் நிறுத்தத்துல நிக்காம அம்பது அடி தள்ளிப் போய் நிக்கும். பசங்க பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. ஏறினவன் ஏறினான், மிச்சம் பேர் படியில. அதை விட்டா அடுத்தது 9.20-க்கு, அப்ப ஸ்கூல்ல மணி அடிச்சிருக்கும். படியில தொங்கினான்னு போலீஸ் பிள்ளையைத்தான் பிடிச்சு அறிவுரை சொல்லுது. நிக்காத பஸ்ஸை யார் கேட்கிறது?

உங்களோட 28,000-ஐப் படிச்சதும் எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. கோவிச்சுக்காதீங்க.

—

பழைய_இன்சார்ஜ் · 13 ஜூன், மாலை 6.40

வணக்கம். தென்சென்னைப் புறநகரில் ஒரு பள்ளியில் 19 ஆண்டுகள் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா எழுதியிருக்கும் ரூட் எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் போட்டவர் எப்படி யோசித்திருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும்.

ஒரு கேள்வி. இரவில் அந்த பஸ் எங்கே நிற்கிறது?

—

தாழம்பூர்_அம்மா · 13 ஜூன், மாலை 6.58

எங்க அபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில. டிரைவர் அண்ணா வீடு அங்கதான். ஏன் சார்?

—

பழைய_இன்சார்ஜ் · 13 ஜூன், இரவு 8.20

அதுதான் விடை. நைட் ஹால்ட் என்போம். பஸ் எங்கே தூங்குகிறதோ அங்கேதான் காலையில் முதல் பிள்ளை ஏறும், மாலையில் கடைசிப் பிள்ளை இறங்கும். அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பா பன்னிரண்டாம் வகுப்பா என்று ரூட் ஷீட் கேட்காது. பஸ்ஸைப் பள்ளியிலேயே நிறுத்தினால் காலை 14 கிமீ காலியாக ஓடித்தான் முதல் ஸ்டாப்புக்கு வர வேண்டும், மாலையில் காலியாகத் திரும்ப வேண்டும். காலி ஓட்டம் என்றாலே கரஸ்பாண்டென்டுக்கு (பள்ளித் தாளாளருக்கு) ரத்தக் கொதிப்பு ஏறும். அதோடு, பள்ளியில் நிறுத்தினால் டிரைவர் அவ்வளவு தூரம் போய் வண்டியை எடுக்க அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த மாதமே வேறு பள்ளிக்குப் போய்விடுவார். டிரைவரைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் வண்டியை அவர் வீட்டுப் பக்கம் நிறுத்த விடுகிறார்கள்.

இப்போது "முதலில் ஏறினவர் முதலில் இறங்கணும்" என்ற யோசனைக்கு வருவோம். நியாயமானதுதான். நானும் ஒரு வருடம் முயன்று பார்த்தேன். பெரும்பாக்கம் பள்ளியிலிருந்து 6 கிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாலையில் பஸ் ஓடுவது: 6 போக, 6 காலியாகத் திரும்ப, 14 தாழம்பூர். மொத்தம் 26. மாற்றினால்: 14 போக, 14 காலியாகத் திரும்ப, 6 பெரும்பாக்கம், அங்கிருந்து தாழம்பூருக்கு இன்னொரு 9. மொத்தம் 43. ஒரு நாளைக்கு 17 கிமீ கூடுதல். பெரிய பஸ் லிட்டருக்கு 5 கொடுத்தால் சுமார் மூன்றரை லிட்டர், 92 ரூபாய் டீசலில் 313 ரூபாய். 200 நாளுக்கு 62,000 சொச்சம். இரண்டு ட்ரிப்பிலும் சேர்த்து 80 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு மாதம் 80 ரூபாய்கூட வராது. காசு தடையே இல்லை.

தடை நிமிஷம்தான். 3.20-க்குக் கிளம்பி தாழம்பூர் போய்ச் சேர 4.15. மெட்ரோ வேலைக்கு நடுவே திரும்பிப் பள்ளிக்கு வர 4.55. பெரும்பாக்கத்துப் பிள்ளை ஏறும்போது 5 மணி. தூரத்துப் பிள்ளை முதலில் போனால் பக்கத்துப் பிள்ளை ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். பக்கத்துப் பிள்ளை முதலில் போனால் தூரத்துப் பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஷீட் போடுகிறவன் இரண்டாவதைத்தான் எடுப்பான். நானும் மூன்றே வாரத்தில் பழையபடி மாற்றினேன். அதற்குள் ஒரு தாத்தா என்னை அடிக்க வந்துவிட்டார்.

—

பெரும்பாக்கம்_அப்பா · 13 ஜூன், இரவு 8.31

அந்தத் தாத்தா நானா இருந்தாலும் வந்திருப்பேன் சார்.

—

சுண்டல் · 13 ஜூன், இரவு 8.33

😂

—

தாழம்பூர்_அம்மா · 13 ஜூன், இரவு 9.15

சரி சார், ஒத்துக்கிறேன். நான் போட்ட கணக்கு பாதிதான். அப்ப இதுக்கு வழியே இல்லையா? இன்னொரு பஸ் விட்டா முடிஞ்சது இல்லையா?

—

பழைய_இன்சார்ஜ் · 13 ஜூன், இரவு 9.40

இன்னொரு பஸ் என்றால் இன்னொரு டிரைவர், இன்னொரு அட்டெண்டர், இன்ஷூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று). 40 பிள்ளைகளுக்காக வாங்க மாட்டார்கள். இரண்டு ட்ரிப் என்ற ஏற்பாடே ஒரு பஸ்ஸை இரண்டு பஸ்ஸாக்கும் வித்தைதான்.

வழி உண்டு. உங்கள் ரூட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகிற மற்ற ரூட்டுகளின் ஷீட்டைக் கேளுங்கள். எந்தப் பள்ளியிலும் எல்லா பஸ்ஸும் நிரம்பி ஓடாது.

—

மஞ்சள்_பஸ் · 14 ஜூன், காலை 11.20

என் அப்பா ஸ்கூல் பஸ் டிரைவர் (வேற ஊர், வேற ஸ்கூல்). நான் காலேஜ் செகண்ட் இயர். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, அப்பா எழுந்திருக்கிறது 4.30. தண்ணி ஊத்தி பஸ் கழுவி, காத்து பார்த்து, 5.45-க்கு எடுப்பார். ரெண்டு ட்ரிப் முடிச்சு 8.30-க்கு இறங்கினா மதியம் 3 வரைக்கும் சும்மான்னு நினைக்கிறாங்க. எலெக்ட்ரீஷியன் கூட ஏணி பிடிக்கிறது, பேங்குக்குப் போறது, ஸ்கூல் சாமான் இறக்குறது எல்லாம் அவர்தான்.

ரெண்டு, லேட் ஆகுறது ட்ராஃபிக்கால மட்டும் இல்லை. ஒரு ட்ரிப்புக்கு 14 ஸ்டாப். ஸ்டாப்புக்கு ரெண்டு நிமிஷம் "தோ வந்துட்டான் அண்ணா, சாக்ஸ் போடுறான்"னா 28 நிமிஷம். ஸ்பீட் கவர்னர் இருக்கு, 40-க்கு மேல மிதிச்சாலும் போகாது. இழந்த நேரத்தை ரோட்டுல பிடிக்கவே முடியாது. கடைசி ஸ்டாப்புல நிக்கிறவங்க அப்பாவைத்தான் திட்டுவாங்க. சாக்ஸ் போட்டவன் ஏசி பஸ்ல தூங்கிட்டிருப்பான்.

—

தாழம்பூர்_அம்மா · 14 ஜூன், காலை 11.48

அந்த சாக்ஸ் எங்க வீட்டுது. போன வாரம் ரெண்டு நாள்.

—

கோயமுத்தூர்க்காரன் · 14 ஜூன், இரவு 9.10

மஞ்சள்_பஸ் தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவர் ஏன் கிடைக்க மாட்டேங்கிறாங்க? எங்க ஸ்கூல்ல நெசமாவே தேடினாங்களான்னே சந்தேகமா இருக்குது.

—

மஞ்சள்_பஸ் · 15 ஜூன், காலை 8.05

நெசமாவே கிடைக்கிறதில்லை அண்ணா. ஹெவி லைசென்ஸ் இருந்தா மட்டும் பத்தாது, கனரக வண்டி ஓட்டின அனுபவம் அஞ்சு வருஷமாவது இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1997-லயே சொல்லியிருக்கு. கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. அந்த அனுபவம் இருக்கிறவர் ஆம்னி பஸ்ஸுக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ போனா கூடவே பேட்டா கிடைக்கும். ஸ்கூல்ல சில இடத்துல மே மாச சம்பளமே கிடையாது. அப்பாவுக்குப் பாதி உண்டு. பிள்ளைங்க பிறந்தநாளுக்கு சாக்லேட் குடுக்கும், அதுக்காகவே இருக்கார்னு அம்மா சொல்வாங்க.

—

நெறியாளர் · 15 ஜூன், காலை 10.00

மேலே ஒருவர் பள்ளியின் பெயரையும் முதல்வரின் எண்ணையும் போட்டிருந்தார். நீக்கியிருக்கிறேன். பெயர் இல்லாமலே பேசலாம்.

—

தாழம்பூர்_அம்மா · 24 ஜூன், இரவு 10.20

அப்டேட். ரூட் ஷீட் கேட்டு லெட்டர் குடுத்தோம், ஏழு பேர் கையெழுத்து. "அது எங்க உள் விஷயம், பேரன்ட்ஸுக்குத் தர்றதில்லை"ன்னு பதில். பாதுகாப்புக் காரணமாம். ஒரு வகையில சரிதான், எந்த வீட்டுப் பிள்ளை எங்க இறங்குதுன்னு லிஸ்ட் வெளிய போகக் கூடாது. அதுக்கு மேல வாதம் பண்ண எனக்குத் தெரியலை.

—

சுண்டல் · 24 ஜூன், இரவு 10.26

ஸ்கூல் தரலைன்னா என்ன, ஆளை அனுப்பி எண்ண வேண்டியதுதான். உங்ககிட்ட பஸ்ஸுக்கு 40 உளவாளி இருக்கே.

—

தாழம்பூர்_அம்மா · 24 ஜூன், இரவு 10.27

😳 அட.

—

பெரும்பாக்கம்_அப்பா · 8 ஜூலை, காலை 10.50

கடலூர் நியூஸ் பார்த்தீங்களா? செம்மங்குப்பம் ரயில்வே கேட். ஸ்கூல் வேன் மேல ரயில் மோதியிருக்கு. காலையில 7.45 வாக்குல. கை நடுங்குது.

—

செய்யாறு_செல்வி · 8 ஜூலை, காலை 11.10

டிவியில அந்த வேனைக் காட்டினாங்க. பையெல்லாம் தண்டவாளத்துல கிடக்குது. பார்க்க முடியலை, அமத்திட்டேன்.

—

தாழம்பூர்_அம்மா · 8 ஜூலை, இரவு 9.30

மூணு பிள்ளைங்க போயிட்டாங்க. சாயங்காலம் 5.05-க்கு பஸ் வந்தப்ப நான் நேரத்தைப் பார்க்கலை. இறங்கினா போதும்னு இருந்துச்சு. இத்தனை நாள் நிமிஷக் கணக்கு பேசினது எல்லாம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

—

பழைய_இன்சார்ஜ் · 9 ஜூலை, காலை 7.15

அம்மா, நிமிஷக் கணக்கு பேசுவதை விட்டுவிட வேண்டாம். இரண்டும் ஒரே விஷயம்தான்.

2012 ஜூலை 25. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அப்போது நான் வேலையில் இருந்தேன். மறுநாள் காலை எங்கள் பள்ளியின் எல்லா பஸ்ஸிலும் பாயைச் சுருட்டிவிட்டுத் தளத்தைப் பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், அதுவரை அப்படி ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. இப்போது மே மாதத்தில் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆர்டிஓ, போலீஸ், கல்வித்துறை, வருவாய்த்துறை எல்லோரும் வந்து பார்க்கிறார்களே, அது அதற்குப் பிறகுதான் இத்தனை கண்டிப்பானது. தளம், படிக்கட்டின் உயரம், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

பஸ்ஸின் நேர அட்டவணையை மட்டும் யாரும் எஃப்சி பண்ணுவதில்லை. இரண்டு ட்ரிப்பை நெருக்கிப் போட்டிருக்கும் ஷீட்டில், முதல் ட்ரிப் பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாவதில் டிரைவர் அந்தப் பத்தைத் தேடுவார். கவர்னர் வேகத்தைத் தடுக்கும், அவசரத்தைத் தடுக்காது. ஸ்டாப்பில் பிள்ளை முழுசாக இறங்கும் முன் கியர் விழும். மஞ்சள் விளக்கில் தாண்டத் தோன்றும். செம்மங்குப்பத்தில் என்ன நடந்தது என்பதை விசாரணை சொல்லட்டும், அதை இதோடு நான் சேர்க்கவில்லை. நான் பார்த்த சின்னச் சின்ன விபத்துகளில் பாதிக்கு மேல் இரண்டாம் ட்ரிப்பில்தான் நடந்தன. அதைத்தான் சொல்கிறேன்.

—

மஞ்சள்_பஸ் · 9 ஜூலை, காலை 7.50

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "ஆமா, செகண்ட் ட்ரிப்"னு மட்டும் சொன்னார்.

—

பெரும்பாக்கம்_அப்பா · 9 ஜூலை, காலை 8.40

செகண்ட் ட்ரிப்தான் எங்களுக்கு வாய்ச்ச வசதின்னு நினைச்சிட்டிருந்தேன்.

தாழம்பூர் மேடம், நீங்க அடுத்து லெட்டர் குடுத்தா என் கையெழுத்தும் சேர்த்துக்குங்க.

—

தாழம்பூர்_அம்மா · 19 ஜூலை, இரவு 9.45

சுண்டல், உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்.

உளவு வேலை முடிஞ்சது. கேளம்பாக்கம் போற ரூட் 4-ல எங்க அபார்ட்மென்ட் தோழியோட அக்கா பையன் போறான், அஞ்சாங் கிளாஸ். அந்த பஸ் சாயங்காலம் 3.20-க்கே கிளம்புது. ஒரு வாரம் தினமும் எண்ணிட்டு வரச் சொன்னோம். நோட்டுல கட்டம் போட்டு எழுதியிருக்கான்: திங்கள் 11 சீட் காலி, செவ்வாய் 12, புதன் 11 "ஆனா ஒண்ணு கிழிஞ்சிருக்கு", வியாழன் 14 "மூணு பேருக்குக் காய்ச்சல்", வெள்ளி 11. என் ஆபீஸ்லகூட இப்படி ஒரு ரிப்போர்ட் நான் பார்த்ததில்லை.

ரூட் 4 நாவலூர் மெயின் ரோடு வழியாத்தான் போகுது. எங்க ட்ரிப்ல மூணாங் கிளாஸ் வரைக்கும் எத்தனை சின்னப் பிள்ளைங்கன்னு என் பொண்ணுகிட்ட எண்ணச் சொன்னேன். ஒன்பது. (பத்தாவதா ஒரு பையனைச் சேர்க்க மாட்டேங்கிறா, அவன் இவ ரப்பரை எடுத்துட்டானாம்.)

அந்தப் பத்துப் பேரை மட்டும் சாயங்காலம் ரூட் 4-ல ஏத்தினா, கிழிஞ்ச சீட்டை விட்டாலும் இடம் இருக்கு. யாரும் கூடுதலா காத்திருக்க வேண்டாம், ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாது. சரியா யோசிக்கிறேனா சார்?

—

பழைய_இன்சார்ஜ் · 19 ஜூலை, இரவு 10.05

மிகச் சரி. லெட்டரில் "அநியாயம்" "கண்டிக்கிறோம்" எதுவும் வேண்டாம். பத்துப் பிள்ளைகள், ரூட் எண், 3.20, காலி இருக்கைகள். நாலே வரி. இன்சார்ஜ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கரஸ்பாண்டென்ட் அறைக்குள் போகும்படி இருக்கணும். "நானே யோசித்தேன்" என்று அவர் சொல்லிக்கொள்ளவும் வழி விடுங்கள்.

ஒன்று கேளுங்கள்: அட்டெண்டர் அம்மாவிடம் பிள்ளையை வாங்கப் போகிறவர் யார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கார்டு. பஸ் மாறும்போதுதான் பிள்ளை தவறிப்போகும். பயமுறுத்தவில்லை, பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒரு யூகேஜி பையன் தூங்கிப்போய், கேளம்பாக்கம் வரை போய்விட்டு, டிரைவர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் அம்மாவுக்குத்தான் குரல் வரவில்லை.

—

செய்யாறு_செல்வி · 20 ஜூலை, மதியம் 12.30

உங்களைப் பார்த்து நாங்களும் எழுதினோம். டெப்போ மேனேஜருக்கு, 31 பேர் கையெழுத்து, தலைமையாசிரியர் சீல் வெச்சுக் குடுத்தாரு. 8.25 பஸ் ஸ்டாப்புலயே நிக்கணும்னு மட்டும் கேட்டிருக்கோம். பத்து நாள் நல்லா நின்னுச்சு. இப்ப புது கண்டக்டர் வந்திருக்காரு, மறுபடியும் அம்பது அடி. மறுபடியும் எழுதணும்.

—

தாழம்பூர்_அம்மா · 1 ஆகஸ்ட், மாலை 5.20

ஒத்துக்கிட்டாங்க!!! திங்கட்கிழமை 4-ம் தேதியிலிருந்து. ஆனா ரூட் 4 உள்ள வராது, நாவலூர் மெயின் ரோட்டுலதான் இறக்கும், அங்கிருந்து கூட்டிட்டுப் போறது எங்க பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டாங்க. காலை 6.25 அப்படியே இருக்கு. அதைக் கேட்டதுக்கு "ட்ராஃபிக் மேடம்".

—

கோயமுத்தூர்க்காரன் · 1 ஆகஸ்ட், இரவு 9.00

சந்தோஷமுங்க. எங்க பக்கம் இன்னும் அதே ஸ்கூட்டர்தான். சின்னது வளந்துட்டான், முன்னாடி நின்னா மீட்டர் தெரிய மாட்டேங்குது.

—

தாழம்பூர்_அம்மா · 7 ஆகஸ்ட், இரவு 10.10

முதல் நாலு நாள் அனுபவம்.

இப்ப 4.10-க்கு நாவலூர். வீட்டுக்கு வர 4.25. நாற்பது நிமிஷம் மிச்சம். நேத்து வந்ததும் தூங்காம சைக்கிள் எடுத்துட்டுப் போனா, ஜூனுக்கு அப்புறம் முதல் தடவை.

பத்துப் பிள்ளைக்கு அஞ்சு வீடு முறை போட்டிருக்கோம், ஆளுக்கு ஒரு நாள். புதன் என்னுது. அன்னைக்கு மட்டும் லஞ்ச்சை விட்டுட்டு ஆபீஸ்ல சீக்கிரம் கிளம்புறேன். திங்கள் என் மாமியார் போறாங்க, ஷேர் ஆட்டோ பேசி வெச்சிருக்கோம்.

ஒரே சிக்கல். பஸ் சோழிங்கநல்லூர்லேருந்து கேளம்பாக்கம் பக்கமா போகுது, அப்ப ரோட்டுக்குக் கிழக்குப் பக்கம்தான் இறக்குவாங்க. தாழம்பூர் ரோடு மேற்கே. பத்துப் பிள்ளைங்களோட ஓஎம்ஆரைக் கடக்கணும். நேத்து என் முறை. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு. பெரிய ரெண்டு பேரை முன்னால விட்டு, சங்கிலி மாதிரி கை கோர்க்கச் சொல்லி, நடுவுல மீடியன்ல நின்னு, கம்பெனி பஸ்ஸெல்லாம் உரசிட்டுப் போகுது… மாமியார் திங்கட்கிழமை இதை எப்படிப் பண்ணாங்கன்னு கேட்டேன். "ஒரு போலீஸ்காரத் தம்பி இருந்தார்"ன்னாங்க. நேத்து அவர் இல்லை.

—

பழைய_இன்சார்ஜ் · 7 ஆகஸ்ட், இரவு 10.35

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் தவறு. இறக்கும் பக்கம் வீட்டுப் பக்கமா என்பதைத்தான் ஷீட்டில் முதலில் குறிப்போம்.

பஸ் அடுத்த யூ-டர்னில் திரும்பி மேற்குப் பக்கம் இறக்கிவிட்டு, மறுபடி திரும்பிப் போகலாம். இரண்டு யூ-டர்ன், சாயங்கால நெரிசலில் ஆறு, ஏழு நிமிடம் ஆகும்.

—

ரூட்4_கேளம்பாக்கம் · 7 ஆகஸ்ட், இரவு 11.20

இந்த இழையை இவ்வளவு நாளா சும்மா படிச்சிட்டிருந்தேன், எழுதினதில்லை. சீட் எண்ணினான்ல, அந்தப் பையனோட அம்மா.

திங்கட்கிழமையிலிருந்து எங்க பிள்ளைங்க வீட்டுக்கு வர நாலு நிமிஷம் லேட், உங்க பிள்ளைங்க இறங்குறதால. அது பரவாயில்லை, நாங்க ஒண்ணும் சொல்லலை. அதுக்கு மேல ஏழு நிமிஷம்னா எங்க பஸ்ல 29 பேர் இருக்காங்க, அதுல எல்கேஜி மூணு. எனக்கு ஓகே. மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியலை. நாளைக்கு குரூப்ல கேட்டுப் பார்க்கிறேன்.

—

தாழம்பூர்_அம்மா · 7 ஆகஸ்ட், இரவு 11.24

கேட்டுச் சொல்லுங்க. நான் வேணா வந்து பேசுறேன். அதுவரைக்கும் புதன் வியாழன் ரெண்டு நாளும் ரெண்டு பேரா போறோம்னு முடிவு பண்ணியிருக்கோம்.

உங்க பையனுக்கு அந்த நோட்டுக்கு ஒரு பேனா வாங்கி வெச்சிருக்கேன். எந்த ஸ்டாப்ல குடுக்கட்டும்?